தொற்றுநோயும் கணக்கும்

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் நோய்க் கணக்கைப்பற்றி எழுதப் புகுந்தது அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக மதித்த முன்னோரின் வழிவந்தோர் ஒரு கண்ணை மூடி நடத்தல் முறையன்று என்பதே எமது விடையாம்.

இக்கலை நம் நாட்டோடு தொடர்புடையது. 1927-ஆம் ஆண்டில் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் அறிஞர் இருவர் தொற்றுநோய் பரவும் முறையைச் சமன்பாடுகளால் விளக்கினர். இவருள் மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1905-06-இல் பம்பாயில் பிளேக்கினால் மாண்டோர் தொகையோடு தம் கணக்கை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினர். நோய் பற்றக்கூடியோர், நோயுற்றுப் பரப்புவோர், நோயினின்று நீங்கினோர் என மக்களை மூவகையாக வகுத்தனர். இறந்தோரும் மூன்றாம் வகையில் அடங்குவர்.

ஒருவர் மூவர்க்கு நோயைத் தருவாராயின், அம்மூவர் ஒன்பதின்மர்க்குத் தருவர். ஆனால் ஊரில் மூன்றில் இரு பங்கினர் காப்புப் பெற்றிருப்பின், அம்மூவருள் ஒருவரையே நோய் பற்றும். காப்பு அதனினும் மிகுமாயின் நோய் தேயும். எல்லாரையும் பற்றுமுன்னரே அது தணிவது இதனாலன்றோ?

பொருளியலார் இக்கணக்கில் ஒரு குறை கண்டனர். மக்கள் எஞ்ஞான்றும் ஒரே அளவிற் கலந்து பழகுவரென்று அது கொள்கின்றது. உண்மையிலோ, அச்சம் மிகின் ஒதுங்குவர். தணியின் மீண்டுங் கூடுவர். அன்றியும், வெளியே செல்வோர் தமக்கு வருந் தீங்கை எண்ணுவரேயன்றித் தம்மாற் பிறர்க்கு வருவதைப் பெரிதும் எண்ணார்.

2020-இல் பொருளியலறிஞர் ரமணன் லட்சுமிநாராயணன் முதலியோர் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கொரோனா நோயை ஆராய்ந்தனர். நோயுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேரிடமிருந்து, அவரோடு பழகியவராக அறியப்பட்டோர் எவர்க்கும் நோய் பரவவில்லை என்று கண்டனர். சிலரே பலர்க்குப் பரப்பினராதலின், எல்லார் தொழிலையும் முடக்குவதினும் நெருக்கமான கூட்டத்தைக் குறைத்தலே சிக்கனமாம்.

அவ்வாண்டில் நம் திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்தக் காய்கறி வாணிபம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்திற்கு மாற்றப்பட்டது. மன்னார்புரத்தார்க்கு அவ்விடம் அண்மையது. இத்தகைய மாற்றத்தால் வாணிபம் நில்லாமலே நெருக்கம் குறையும். அந்நன்மை ஊரார் அனைவர்க்கும் உரியது. அலைச்சலும் வண்டிக்கூலியுமோ சிறு வியாபாரிக்கும் சுமை தூக்குவோர்க்குமே உரியன.

காப்பின் விலை இன்னதென்று கணக்குக் கூறும். அதனை எளியோர் தலையிலேயே சுமத்துவதா, பயன்பெறும் அனைவரும் பகிர்வதா என்பதை நாமே துணிதல் வேண்டும். பகிர்வதே நீதியென்பது எமது கருத்து.