கேஸும் போதையும் சேர்ந்து வந்தால்: எந்தச் சிகிச்சை?

பதினாறு வயதுப் பையன் செல்போன் பறித்த கேஸில் பிடிபடுகிறான். இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் பெற்றோர் சொல்லும் முதல் வார்த்தை: "எங்க பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லைங்க." சொன்னால் கேஸ் கனத்துவிடுமோ என்ற பயம். ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 18-வது பிரிவு, போதை மீட்புச் சிகிச்சைக்கு அனுப்பவும் குழுமத்துக்கு அதிகாரம் தருகிறது. நன்னடத்தை அலுவலர் 15 நாளில் தரவேண்டிய சமூக விசாரணை அறிக்கையில் பழக்கம் பதிவானால் அந்த வழி திறக்கும். அறிக்கை ரகசியமானது. இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரோடு கலந்தாலோசித்து, அலுவலரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அதன்பின் உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கும்.

1. வீட்டிலிருந்தே சிகிச்சை

கஞ்சா, கூல் லிப், பஞ்சர் சொல்யூஷன் என்ற அளவில் இருப்பவனுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டால் ஆயிற்று. படிப்பு கெடாது. குறை, அதே தெரு, அதே கூட்டாளிகள். அப்பாவும் குடிப்பவர் என்றால் அவருக்கும் சேர்த்தே சிகிச்சை தொடங்க வேண்டும்.

2. உள்நோயாளிச் சிகிச்சை

தினமும் குடிப்பவன், தூக்க மாத்திரைக்குப் பழகியவன், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்பவன் ஆகியோருக்கு. குடியையும் தூக்க மாத்திரையையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, 18 வயது நிரம்பாதவரைப் பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது. பெற்றோரோ துணையாளோ உடன் இருக்க வேண்டும். தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். "மூணு மாசத்துக்கு யாரும் பார்க்க வரக் கூடாது" என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

3. கூர்நோக்கு இல்லம்

"உள்ளே இருந்தா தன்னால விட்டுடுவான்" என்பார்கள். கைக்குப் பொருள் எட்டாதே தவிர, ஏக்கம் எங்கும் போகாது. ஊசிப் பழக்கம் உள்ளவன் வெளியே வந்து பழைய அளவையே ஏற்றினால், தாங்கும் சக்தி குறைந்துபோன உடம்பு உயிரையே விட்டுவிடலாம். இல்லத்தில் இருப்பவனை மனநல மருத்துவமனைக்கு மாற்ற இளைஞர் நீதிச் சட்டத்தின் 93-வது பிரிவு இடம் தருகிறது. வழக்கறிஞர் மூலம் மனுப் போடுங்கள்.

முடிவெடுக்கும் வரிசை

நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் இரண்டாவது வழி. இல்லை என்றால், வீட்டில் கவனிக்க ஆள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் முதல் வழி. இல்லாவிட்டால் சித்தப்பாவோ அத்தையோ பொறுப்பேற்க முன்வரலாம். தகுதியான நபரின் பொறுப்பில் நன்னடத்தையில் விடச் சட்டம் அனுமதிக்கிறது. இல்லம் கடைசி வழிதான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓ.பி. சீட்டுகளைக் கொண்டுபோங்கள். இடையில் ஒருமுறை பழைய பழக்கத்துக்குச் சறுக்கிவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சையின் நடுவே அது சகஜம். கேஸ் முடிந்ததென்று மட்டும் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். உதவிக்கு: போதை மீட்பு 14446, குழந்தைகள் உதவி எண் 1098.