பழைய மடிக்கணினியும் அதன் வன்தட்டும்

பழஞ்சுவடிகள் அழிந்த வரலாற்றைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டனர் என்று கேட்டு உள்ளம் நொந்ததை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் தம் சரித்திரத்தில் எழுதியுள்ளார்கள். எரித்தவர் தமிழுக்குப் பகைவரல்லர். பழுதுபட்டது பயனற்றது என்று எண்ணியவர், அவ்வளவே. அவ்வெண்ணம் இன்றும் நம் வீடுகளில் உலவுகின்றது. மடிக்கணினி ஓடவில்லையெனின், அதனுள் உள்ளனவும் ஒழிந்தன என்று கருதிப் பழைய இரும்புக்கடையில் நிறுத்துப் போட்டுவிடுகின்றோம். கணினி வேறு, அதன் வன்தட்டு வேறு. முன்னது மாண்ட பின்னும் பின்னது பல வேளைகளில் உயிரோடிருக்கும். கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என வழங்கும் அத்தட்டினைக் கழற்றும் வகையை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றேன்.

நம் பக்கத்தில் பழைய மடிக்கணினி என்றவுடன் நினைவுக்கு வருவது அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கியதே. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் எல்காட் நிறுவனம் ஏசர், லெனோவா, ஹெச்.சி.எல். முதலிய கணினிகளை வாங்கி அளித்தது. விழுப்புரம், திண்டிவனம் வீடுகளில் பரண்மேல் அவை இன்னும் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று என் தமக்கையாருடையது.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டிவனத்தில் தமக்கையார் வீட்டுக் கூரை ஒழுகி, மேசைமேலிருந்த அக்கணினியின் விசைப்பலகை வழியே நீர் இறங்கிற்று. கணினியின் விலை பெரிதன்று. எங்கள் பாட்டியார் பாடிய நடவுப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியுமாக 27 பாட்டுக்கள் அதில் மட்டுமே பதிவாகியிருந்தன. பாட்டியாரோ இன்று இல்லை. விழுப்புரத்துப் பழுதுபார்ப்பவர் ஒருவர், மதர்போர்டு போயிற்று, இனிச் செலவு செய்வது வீண் என்றார். அவர் கூறியது உண்மையே. ஆயின் மதர்போர்டில் பாட்டு இல்லை, வன்தட்டிலன்றோ இருக்கின்றது!

கழற்றும் வேலை கடினமானதன்று. பொறுமை ஒன்றே வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மடித்த துணியின்மேல் கணினியைக் கவிழ்த்து வைக்க. அடிப்புறத்துத் தாழ்களை நெகிழ்த்தி மின்கலத்தை எடுத்தபின், இயக்கும் பொத்தானை இருபது நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். நம் உடலிலும் நிலைமின்சாரம் தங்குவதுண்டாதலின், வண்ணம் பூசாத உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலை தொடங்குதல் நன்று.

அடிப்புறத்தில் சிறு மூடியொன்று இருக்கும். சிலவற்றில் அதன்மேல் தட்டுக்களை அடுக்கியது போன்ற குறி பொறித்திருப்பர். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் என்னும் திருப்புளி திருகாணியின் தலைக்குப் பொருந்தியதாயிருத்தல் வேண்டும். பொருந்தாததை வைத்துத் திருகினால் தலை வழுவழுத்துப் போம், பின்பு எவராலும் கழற்ற இயலாது. கழற்றிய ஆணிகளை ஒரு தாளில் படம் வரைந்து அவ்வவ்விடத்தே வைத்தல் என் தமக்கையாரின் வழக்கம். கோலம் போடுவோர்க்கு இஃது எளிதில் வரும்போலும்.

மூடியை நீக்கினால் ஏழு சென்டிமீட்டர் அகலமும் பத்துச் சென்டிமீட்டர் நீளமுமுள்ள பெட்டகம் தோன்றும். அதுவே வன்தட்டு. அதனைப் பற்றியுள்ள ஓரிரு திருகாணிகளை நீக்குக. இனித்தான் பலரும் தவறுமிடம். தட்டினை உடனே மேலே தூக்கலாகாது. அதன் ஒரு முனை கணினியின் இணைப்பில் செருகப்பட்டிருக்கின்றது. ஆகவே இணைப்பினின்றும் விலகுமாறு முதலில் பக்கவாட்டில் ஒரு விரற்கடை இழுத்து, அதன்பின்னரே தூக்குக. சட்டத்தின் பக்கங்களிலுள்ள நான்கு ஆணிகளையும் நீக்கினால் தட்டுத் தனியே வந்துவிடும். இக்காலத்து மெல்லிய கணினிகள் சிலவற்றில் நினைவகத்தைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகின்றனர். அவற்றுக்கு இம்முறை செல்லாது.

பெட்டகத்தின் மூடியை மட்டும் எக்காரணத்தாலும் திறவற்க. உள்ளே நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டத்தட்டும், அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தே மிதந்து படிக்கும் முனையும் உள்ளன. தலைமயிரின் பருமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், ஒரு துகள் தூசி அங்கே மலையளவன்றோ? வன்தட்டே நீரில் மூழ்கியிருப்பின், அதன் மூச்சுத்துளை வழியே நீர் உட்புகுந்திருக்கக்கூடும். அதற்கு மின்சாரம் கொடாமல் தரவு மீட்போரிடம் ஒப்படைத்தலே தக்கது. எங்கள் தட்டு தனி அறையில் இருந்தமையால் நனையவில்லை.

கழற்றியதை யு.எஸ்.பி. இணைப்புக்கம்பி ஒன்றால் வேறு கணினியில் மாட்டினோம். உடனே, இத்தட்டினை ஃபார்மட் செய்யவா என்றொரு வினா திரையில் எழுந்தது. அரசு வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தமையால், லினக்ஸ் பகுதியைப் படிக்கத் தெரியாத விண்டோஸ் அங்ஙனம் வினவுகின்றது. வேண்டா என்று விடுத்தால் மற்றைப் பகுதி தானே திறக்கும். டிக் டிக் என்னும் ஒலி கேட்பின் மட்டும் அக்கணமே நிறுத்துக.

தட்டினைப் பிறர்க்குக் கொடுப்போர் அறியவேண்டியது ஒன்றுண்டு. கோப்பினை நீக்கினால் பொருளடக்கத்திலிருந்து அதன் பெயர்தான் போகும். பக்கம் அப்படியே இருக்கும். தட்டு முழுவதன்மேலும் புதிதாக எழுதினாலன்றிப் பழையது மறையாது.

27 பாட்டுக்களும் கிடைத்தன. ஒரு பாட்டின் நடுவே, “ஏண்டி, இதுல ஏறிடிச்சா?” என்று பாட்டியார் கேட்கும் குரலும் கிடைத்தது. தமக்கையார் தட்டெழுதி வைத்திருந்த பாட்டு வரிகளோ ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தோன்றின. அவை பழுதாகவில்லை, பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. யூனிகோடு பரவுமுன் தமிழுக்கு எழுத்துருக்குத்தக வெவ்வேறு குறியீடு வழங்கியமையின், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தமிழாகத் தெரியாது. பழைய தட்டிலேயே விண்டோஸ் உறையினுள் ஃபான்ட்ஸ் என்னும் உறையில் அது கிடைத்தது. அதனையும் படியெடுத்துக்கொண்டு, பின்பு வரிகளை யூனிகோடுக்கு மாற்றினோம். நடவுப்பாட்டில் வரும் இரண்டு சொற்கள் மட்டும் அகராதியில் அகப்படவில்லை. மயிலம் பக்கத்து வயல்களில் நாற்று நடும் மூதாட்டியரைக் கேட்கவேண்டும்.