குலதெய்வம் தெரிந்தால் ஊர் தெரியும்

தர்ப்பணம் கொடுக்கும்போது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்லணும். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மூன்றாவது பெயர் தெரியும்? எங்க வீட்டில் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு 84 வயது. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க கேட்டால் சொல்ல ஏதாவது இருக்கணும் இல்லையா? அதனால் இந்த மாதப் பாடம், இணையத்தில் குடும்ப வரலாறு தேடுவது.

இதற்கென்று உள்ள தளங்கள் முதலில் கேட்பது குடும்பப் பெயர். நமக்கு அது கிடையாது. அப்பா பெயர் நமக்கு, தாத்தா பெயர் அப்பாவுக்கு என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறிடும். போதாததுக்கு, தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியதுதான் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும். அண்ணன் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, தம்பி பத்திரத்தில் வேறு மாதிரி. வெறும் பெயரை வைத்துத் தேடினால் நேரம்தான் வீண்.

நம்ம கையில் இருக்கும் சாவி வேறு: ஊர், குலதெய்வம். ஊர் மட்டும் போதாது, ஏன்னா புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர் இருக்கு. பாட்டி சொன்னது, "முசிறிப் பக்கம், ஏரிக்கரையில அய்யனாரு." இந்த மூன்றையும் சேர்த்துத் தேடியபோது ஒரு திருவிழா வீடியோ கிடைத்தது. பாட்டி இங்கே பிறந்தவர், மாமனார் சொல்லக் கேட்டதோடு சரி. கைப்பேசியில் அந்தக் குதிரைச் சிலைகளைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாவட்டப் பெயரில் கவனம் வேண்டும். பழைய கடப்பிதழில் சேலம் என்று இருந்தால் நாமக்கல்லிலும் தேடுங்க. அது 1997இல்தான் தனி மாவட்டம் ஆனது. திருச்சி என்றால் கரூர், பெரம்பலூர், அரியலூரையும் பாருங்க.

அடுத்து, எந்த வருசம் வந்தாங்க? இது எனக்குக் கணக்குப் போடுவது மாதிரி. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலியாக ஆள் எடுப்பது 1910இல் முடிந்தது. பிறகு கங்காணி முறை. 1938இல் இந்திய அரசு அதையும் தடுத்தது. ரஜுலா கப்பல் கட்டப்பட்டது 1926இல். ஆக, "கங்காணி கூட்டிக்கிட்டு ரஜுலாவுல வந்தோம்" என்றால் 1926க்கும் 1938க்கும் இடையில். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, தமிழ் முரசும் உண்டு. தளத்தில் படுத்து வந்த நம்ம ஆட்கள் பெயர் அதில் வராது, ஆனால் கப்பல் வந்துபோன செய்திகள் கிடைக்கும். பலர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவங்க. அதனால் முதல் பயணமா என்று கேட்டுக்கொள்ளுங்க.

தேடியும் கிடைக்காத ஒன்று உண்டு. பாட்டியின் மாமனாருக்கு ஒரு தம்பி. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடக் கொண்டுபோனாங்க, வரவில்லை. அங்கே இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கு. தோட்டத்திலிருந்து போன தமிழர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உங்க குடும்ப மரத்திலும் இப்படி ஒரு கிளை இருந்தால் தயவுசெய்து காலியாக விடாதீங்க. பெயரை எழுதி, பக்கத்தில் "சயாம் போனவர், திரும்பவில்லை" என்று போடுங்க. அவருக்கு இருக்கும் ஒரே பதிவு அதுவாகவே இருக்கலாம்.

உயிரோடு இருப்பவங்க ஐசி எண், பிறந்த தேதி எதையும் பொதுத் தளத்தில் ஏற்றாதீங்க. பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்க, இருபது நிமிசத்துக்கு மேல் வேண்டாம், களைத்துப் போவாங்க. நடுவில் புகுந்து திருத்தவும் வேண்டாம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "தாத்தா, உங்க தோட்டத்துல மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேளுங்க. அப்புறம் நீங்கதான் நிறுத்தணும்.