மணிகரண்: கணக்கில் வராத வெப்பம்

இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில், பார்வதி ஆறு பியாஸ் ஆற்றுடன் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது புந்தர். அங்கிருந்து பள்ளத்தாக்கின் வழியே ஏறத்தாழ 35 கிலோ மீட்டர் சென்றால் மணிகரணை அடையலாம். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,760 மீட்டர் உயரத்தில், செங்குத்தான மலைகளுக்கிடையே ஒடுங்கிய இவ்வூரில், பனி உருகி ஓடும் ஆற்றுக்குச் சில அடி தூரத்திலேயே பாறை இடுக்குகளிலிருந்து கொதிநீர் பொங்கி வருகிறது.

பார்வதி தேவியின் காதணி மணி நீரில் வீழ்ந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்பது மரபு. குரு நானக் இங்கு வந்தார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. இராமர் கோயிலும் குருத்துவாராவும் அருகருகே நிற்கின்றன. இரு சமயத்தாரும் ஒரே ஊற்றின் வெப்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

நீர் ஏன் கொதிக்கிறது? இங்கு எரிமலை ஏதுமில்லை. மலைகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தினுள் ஆழமாக இறங்கி, அங்குள்ள வெப்பத்தைப் பெற்று, வேறு பிளவுகளின் வழியே மேலெழுகின்றன. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் நீர் ஏறக்குறைய 94 டிகிரி செண்டிகிரேடிலேயே கொதித்துவிடும். வெப்பம் மிகுந்த ஊற்றுகள் அந்நிலையை ஒட்டியே உள்ளன. எனவேதான் யாத்திரிகர்கள் துணியில் முடிந்து ஊற்றில் இறக்கும் அரிசி சோறாகிவிடுகிறது. குருத்துவாராவின் பொது உணவுக்கூடத்திற்கான அரிசியும் பருப்பும் பெரிய பாத்திரங்களில் ஊற்றினுள்ளேயே வேகவைக்கப்படுகின்றன. குளிப்பதற்கோ குளிர்ந்த நீரைக் கலந்தே ஆகவேண்டும்.

இதன் பொருளாதார மதிப்பு என்ன? 100 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்க 8,000 கிலோ கலோரி வெப்பம் தேவை. மின்சாரமாயின் அது 9 யூனிட்டுக்குச் சற்று மேல். சாதாரண அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது என்று கொண்டால், சுமார் 13 கிலோ காய்ந்த விறகு எரிந்தாக வேண்டும். ஊற்று இதனைக் கட்டணமின்றி வழங்குகிறது. விற்பனைக்கு வராத காரணத்தால் இச்சேவை தேசிய வருமானக் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆனால் மலைக்காடுகளில் வெட்டப்படாமல் நிற்கும் மரங்களில் அதன் பயனைக் காணலாம்.

அரசின் கவனம் இத்தகைய ஊற்றுகளின்பால் திரும்பியது புதிதன்று. வெந்நீர் ஊற்றுகளை ஆராய 1966-ல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. எழுபதுகளில் பார்வதிப் பள்ளத்தாக்கிலும் லடாக்கின் பூகாவிலும் துளையிட்டு ஆய்வுகள் நடைபெற்றன. மணிகரணில் 5 கிலோவாட் மின் உற்பத்திச் சாதனம் ஒன்றும், 7.5 டன் கொள்ளளவுள்ள குளிர்பதனக் கிடங்கு ஒன்றும் சோதனையாக நிறுவப்பட்டன. வெந்நீரைக் கொண்டு குளிர்விப்பது முரண்பாடாகத் தோன்றலாம். அம்மோனியாவை நீரிலிருந்து பிரித்தெடுக்க வெப்பமே தேவை என்பதால் அது இயலுகிறது. ஆப்பிள் விளையும் மாவட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான முயற்சி எளிதில் அமையாது. எனினும் இரண்டுமே சோதனை அளவைத் தாண்டி வளரவில்லை.

இவ்விரு சோதனைகளையும் சமமாகக் கருதுவது சரியன்று. 90 டிகிரி வெப்பமுள்ள நீரிலிருந்து மின்சாரம் எடுக்க முற்பட்டால், இயற்பியல் விதிப்படியே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காது. நடைமுறையில் பத்தில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. சமைக்கவும், குளிக்கவும், அறைகளை வெதுவெதுப்பாக வைக்கவும், பழங்களை உலர்த்தவும் அதே வெப்பத்தை நேரடியாகப் பயன்படுத்தினால் அதன் பெரும்பகுதி பயன் தருகிறது. நாட்டின் புவிவெப்ப வளம் 10,000 மெகாவாட்டுக்கு மேல் என்ற மதிப்பீடு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மெகாவாட் என்ற அளவுகோலே மணிகரண் போன்ற ஊரின் உண்மையான பயனை மறைத்துவிடுகிறது. புவிவெப்பத்திற்கென மத்திய அரசு 2025-ல் வெளியிட்ட தேசியக் கொள்கையில் நேரடிப் பயன்பாட்டுக்கும் இடமளிக்கப்பட்டிருப்பது நல்ல தொடக்கம்.

பெரிய கட்டுமானங்களை இந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கு தாங்காது என்பதையும் மறக்கலாகாது. 2015 ஆகஸ்டில் மலையிலிருந்து உருண்ட பாறைகள் குருத்துவாராக் கட்டடத்தின் மீது விழுந்து பலர் உயிரிழந்தனர். 2025 மார்ச்சில் குருத்துவாராவுக்கு அருகே மரம் சாய்ந்து ஆறு பேர் மாண்டனர்.

ஆகவே, புதிதாகத் துளையிடுமுன் ஒவ்வோர் ஊற்றின் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் பருவந்தோறும் சில ஆண்டுகளேனும் அளந்து பதிவு செய்வது அவசியம். அப்பதிவு இல்லையேல், பின்னர் ஊற்று தணிந்தால் அதற்குக் காரணம் துளையா, வறட்சியா என்று எவராலும் கூற இயலாது. சமையலுக்கும் நீராடலுக்கும் உரிய பங்கை முதலில் ஒதுக்கி, எஞ்சியதையே பிற பணிகளுக்கு அளிக்கலாம். நீராடும் குளங்களிலிருந்து வெளியேறும் வெதுவெதுப்பான நீரைக் குழாய்களில் செலுத்திப் பழம் உலர்த்தும் கூடம் ஒன்றை நடத்த முடியுமா என்று ஆராயலாம். அந்நீர் இப்போது பார்வதி ஆற்றில் கலந்து குளிர்ந்து போகிறது.