அப்பாவைக் கண்டு மகள் அழுதால்?

கேள்வி: என் கணவர் சியாச்சினில் பணி முடிந்து அடுத்த வாரம் லீவில் வருகிறார். அவர் போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. அவரைப் பார்த்து அழுவாளோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, வேலூர்

பதில்: அழலாம், சகோதரி. இந்த வயதில் புதுமுகம் கண்டு மிரள்வது இயல்பு. அதை அவரிடம் இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். 1984 முதல் நம் ராணுவம் காவல் நிற்கும் அந்தப் பனிமலையில் குளிர் மைனஸ் 50 டிகிரி வரை போகும். அங்கே மகளின் போட்டோவைப் பார்த்தே நாளைக் கடத்தியவர், காட்பாடி ஸ்டேஷனில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நொறுங்கிப் போவார். பிளாட்பாரத்திலேயே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இடுப்பில் இருந்தபடியே பார்க்கட்டும். வீட்டில் அவர் தரையில் உட்காரட்டும், அவளாக நெருங்கி வரட்டும். கொஞ்சம் பழகியதும் சோறு ஊட்டும் வேலையை அவருக்கே விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் உறவுக்கூட்டம் வேண்டாம். சியாச்சின் போன்ற உயரத்தில் தூக்கமும் பசியும் கெட்டுப்போகும், அதனால் அவருக்கு முதலில் ஓய்வு தேவை. அவர் பேசாமல் இருந்தால் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். இத்தனை நாள் ஒற்றை ஆளாய் வீட்டை ஓட்டிய உங்களுக்கும் ஓய்வு வேண்டுமே, அதை அவரிடம் வாய்விட்டே கேளுங்கள்.