ஷட்டில் வாங்கும்போது: பெயரா, வேகமா?

1. டப்பா மூடியில் உள்ள வேக எண்ணை நிறுவனப் பெயருக்கு முன்பாகவே பார்க்க. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் அமைந்த ஐதராபாத்தில் காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவு என்பதாலும், கோடையில் அது மேலும் குறைவதாலும், இறகுப்பந்து கூடுதல் தொலைவு பறக்கும். சென்னையில் 77 சரியாக இருந்தால், இங்கு 76 போதும்.

2. பின் எல்லைக்கோட்டில் நின்று, கீழ்க்கையாக முழு வீச்சில் அடித்துப் பார்க்க. எதிர்ப்புறப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்பாக விழுவதே விதிப்படி சரியான வேகம்.

3. நைலான் பந்தானால் தக்கையைச் சுற்றியுள்ள பட்டையின் நிறத்தைக் கவனிக்க. பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு விரைவானது.

4. ஒத்துவந்த நிறுவனத்தைப் பருவம் மாறும்வரை மாற்றாதிருக்க. ஒரு நிறுவனத்தின் 76 மற்றொன்றின் 76 போலப் பறப்பதில்லை. விசுவாசத்துக்கு இவ்வளவே இடம்.