யூரியா மூட்டை வந்த வழி

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நடவு முடிந்து பதினைந்து நாள் ஆனதும், அன்னக்கூடையில் யூரியாவை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி வீசுவது வழக்கம். அந்த வெள்ளைக் குருணையில் அடங்கியிருக்கும் தழைச்சத்துக்காக நாடுகள் போரிட்டிருக்கின்றன. அது எப்படி வந்தது என்று தெரிந்தால், அதில் பாதிக்கு மேல் எப்படிப் போய்விடுகிறது என்பதும் எளிதில் விளங்கும்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு தழைச்சத்துதான். ஆனால் நெற்பயிர் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பயறு வகைகளின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர், நீலப்பச்சைப் பாசி போன்ற சிலவற்றுக்கே அந்தத் திறமை உண்டு. ஆகவேதான் நம் முன்னோர் கொழிஞ்சி விதைத்து மிதித்தனர், ஆட்டுக்கிடை வைத்தனர், கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. ஏரி அன்று நீருக்கு மட்டுமல்ல, எருவுக்கும் ஆதாரம்.

ஐரோப்பாவில் ஜனத்தொகை பெருகியபோது தொழு உரம் போதவில்லை. பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து பறவை எச்சத்தையும், பிறகு தென் அமெரிக்கப் பாலைவனத்து வெடியுப்பையும் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். அந்த உப்பு விளையும் நிலத்துக்காக 1879 முதல் 1883 வரை சிலி ஒருபுறமும், பெருவும் பொலிவியாவும் மறுபுறமுமாகப் போர் நடந்தது. தோற்ற பொலிவியா தன் கடற்கரையையே இழந்தது. இன்றுவரை அந்நாட்டுக்குக் கடல் இல்லை.

சிலி உப்பும் ஒருநாள் தீர்ந்துவிடும், அதற்குள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிரித்தெடுக்க வழி காணாவிட்டால் பஞ்சம் வரும் என்று 1898-ல் இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். வழி கண்டவர் ஜெர்மானியரான பிரிட்ஸ் ஹாபர். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சேர்த்து, 1909-ல் தம் ஆய்வுக்கூடத்தில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வரவழைத்துக் காட்டினார். அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தவர் கார்ல் போஷ் என்ற பொறியியல் அறிஞர். 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது.

மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கைகாரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்வது அன்று முதல்தான். ஆனால் கடலில் பலம் பிரிட்டனுக்கே இருந்தது. சிலி உப்பு ஜெர்மனிக்குப் போக வழியில்லாமல் அடைபட்டது. வெடிமருந்துக்கும் அந்த உப்புதான் மூலம். அப்போது ஹாபரின் அம்மோனியாவிலிருந்தே வெடிமருந்து செய்தார்கள். வயலுக்கு என்று பிறந்த முறை பீரங்கிக்குப் போயிற்று. இல்லையேல் போர் அத்தனை நாள் நீடித்திருக்காது என்பது பலருடைய கருத்து. 1915-ல் போர்க்களத்தில் குளோரின் விஷவாயுவை விடும் வேலையையும் ஹாபரே முன்னின்று நடத்தினார். 1918-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. யூதராகப் பிறந்த அவர் 1933-ல், ஹிட்லர் ஆட்சியில், தாய்நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

நம் நாட்டில் 1951-ல் சிந்திரி உர ஆலையும், 1971-ல் சென்னையை அடுத்த மணலி ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஆனால் நம் பழைய நெட்டை ரகங்களுக்கு யூரியாவைப் போட்டால் பயிர் உயர்ந்து சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகம் சாயாமல் நின்றது. அடுத்து வந்த ஐ.ஆர். 20 நம் பகுதிக்கு உறவு முறை உள்ளது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூர்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 அதன் பெற்றோரில் ஒன்று. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக அதைச் சேர்த்தார்கள். இங்கிருந்து கடல் கடந்து போன நெல், பிள்ளையாகத் திரும்பி வந்தது எனலாம்.

இப்போது வயலுக்கு வருவோம். 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. தேங்கிய நீரில் அப்படியே வீசினால் பயிருக்குச் சேர்வது இதில் பாதிக்கும் குறைவே. யூரியா நீரில் கரைந்து அம்மோனியாவாகிறது. பகல் வெயிலில் பாசி வளரும் நீர் காரத்தன்மை அடைவதால், அந்த அம்மோனியா ஆவியாகிவிடுகிறது. ஹாபரும் போஷும் பெரும்பாடுபட்டுக் காற்றிலிருந்து இறக்கியது, திரும்பவும் காற்றுக்கே போகிறது! மூட்டை விலை நமக்குக் குறைவாகத் தெரியலாம். ஆனால் யூரியா தயாரிக்க வேண்டிய எரிவாயுவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. 2022-ல் ரஷ்யா–உக்ரைன் போர் தொடங்கியதும் உலகச் சந்தையில் எரிவாயு, உர விலைகள் ஏறியதை மறப்பதற்கில்லை. அந்தச் சுமையை அரசு மானியம் தாங்கியது.

இழப்பைக் குறைக்க, மேலுரம் இடுமுன் நீரை வடித்து, சேறு தெரியும் அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். மாலையில், இலையில் ஈரம் இல்லாதபோது யூரியாவை இட்டு, உடனே களை எடுக்கும் உருளைக் கருவியை வரிசைகளுக்கிடையே ஓட்டிச் சேற்றில் கலந்துவிட வேண்டும். காற்றுப் புகாத சேற்றில் அம்மோனியச் சத்து களிமண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். மறுநாள் நீர் கட்டலாம். மழை வரும் அறிகுறி இருந்தால் அன்று உரம் இடுவது வீண். ஒரு மூட்டை யூரியாவுக்கு 36 கிலோ ஜிப்சம், 9 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வீதம் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இட்டால் சத்து மெதுவாகக் கரையும்.

எப்போது இடுவது என்பதற்கு நாள் கணக்கைவிட இலை வண்ண அட்டை மேலானது. நட்ட 14-ஆம் நாள் தொடங்கி வாரம் ஒருமுறை, காலை வேளையில், வெயில் படாமல் நம் உடல் நிழலில் இலையை வைத்து, பத்துக் குத்துகளில் நன்கு விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4-ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால், ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ யூரியா போதும். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் அளவு எண் 3. பூ எடுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று கூடுதலாக ஒரு கூடை வீசினால், நவரையானாலும் சம்பாவானாலும் முதலில் வந்து சேர்வது புகையானும் குலை நோயும்தான்.